கொம்பு வரைந்த நான்கு தாள்கள்

உன்னுடைய சிவப்பு ஃப்ளாஸ்க் கிடைத்துவிட்டது.

ஆய்வுக்கூடத்துப் பழைய அலுமாரியின் அடித்தட்டில், கண்ணாடிக் குழாய்ப் பெட்டிகளுக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தது. மூடியைத் திருகித் திறந்தேன். இத்தனை வருடம் கழிந்தும் உள்ளே அதே வாடை. உப்புத் தண்ணீரும் துருவும் லேசான இறைச்சி மணமும் கலந்த வாடை. வேறு யாராவது என்றால் மூக்கைப் பொத்தியிருப்பார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெளிப்புறத்தில் நீ ஒட்டிய தாள் பாதி கிழிந்து இன்னும் நிற்கிறது: ‘இது தேத்தண்ணி இல்லை.’ மூன்று மொழியிலும் எழுதியிருந்தாய். அலுவலகத்து ஐயா ஒருவர் கோப்பையோடு வந்து, தானே ஊற்றிக்கொள்ளலாம் என்று மூடியைத் திறந்து, உள்ளே மிதந்த மாட்டுச் சூலகங்களைக் கண்டு, கோப்பையை அங்கேயே வைத்துவிட்டுப் போனாரே, அதற்கு மறுநாள் ஒட்டியது. அதன் பிறகு அவர் நம் அறையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

ஆனால் நான் அலுமாரியைத் திறந்தது ஃப்ளாஸ்க்குக்காக இல்லை. ஏழாம் நம்பர் மாட்டின் தாள்களுக்காக. அந்த மாட்டைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நேரில் சொல்லியிருந்தால் முதலில் என்னைக் கிழி கிழி என்று கிழித்துவிட்டு, பிறகு இஞ்சி போட்டு ஒரு தேத்தண்ணி ஊற்றித் தந்திருப்பாய். இப்போது இரண்டுக்கும் வழியில்லை. ஆகவே எழுதுகிறேன்.

பேராதனையில் அந்தக் கடைசி அறையில் நாம் இருவரும் ஒரே மேசையில் வேலை தொடங்கினோம். நீ அக்குறணையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாய். நான் கம்பளையிலிருந்து ரயிலில். நம் இருவருக்கும் ஒரே கேள்வி. ஒரு பசுவின் சூலகங்களில் நீர் நிறைந்த சின்னச் சின்ன முட்டைப்பைகள் பல ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. இரண்டு மூன்று நாள் எல்லாம் சேர்ந்துதான் வளர்கின்றன. அதன் பிறகு ஒன்று மட்டும் வளர்கிறது. மற்றவை நின்று, சுருங்கி, இருந்த இடம் தெரியாமல் போகின்றன. அந்த ஒன்று எப்படித் தேர்வாகிறது? உலகத்தில் எத்தனையோ பேர் கேட்டு, பாதிப் பதிலும் சொல்லிவிட்டிருந்த கேள்வி. நம் மலைநாட்டு மாடுகளில் அது எப்படி நடக்கிறது என்று பார்ப்பது நம் பங்கு.

ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாய். அம்மா அப்போதும் வீட்டுக்குப் பின்னால் ஒரு பசு வைத்திருந்தாள். நாம் படிப்பதைக் கேட்டுவிட்டு உன்னைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏம்புள்ள, இம்புட்டு முட்டை கெளம்புதுன்னு சொல்றீங்க. அப்பறம் ஏன் ஒத்தக் கன்னு மட்டும் போடுது?”

நான் முந்திக்கொண்டு ஓமோன், நொதியம் என்று தொடங்கினேன். அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு நீ மேசையில் இருந்த பிஸ்கட் டின்னை எடுத்தாய்.

“இஞ்ச பாருங்கம்மா. எல்லா முட்டைப்பையிலயும் வளர்றதுக்கு வேண்டிய சத்து ஈக்கி. வளர்ச்சிக் காரணி எண்டு செல்ற. ஆனா அது இப்பிடி டின்னுக்குள்ள ஈக்கி. வேற ஒரு புரதம் வந்து மூடி மாதிரி இறுக்கிப் புடிச்சிக்கிட்டு ஈக்கி. டின் கையில ஈந்தும் பசிதான்.”

“அப்பறம்?”

“ஒருத்திக்கிட்ட மட்டும் கரண்டி ஈக்கி.” கரண்டிக் காம்பை மூடியின் விளிம்பில் கொடுத்து நெம்பினாய். மூடி எகிறி அடுப்படிவரை உருண்டது. “இவ தொறந்து திண்டு வளர்ந்திடுவா. நல்லா வளர்ந்த பொறகு மேல மூளைக்குச் செல்லி அனுப்புவா, இனி இந்தப் பக்கம் சாப்பாடு அனுப்பத் தேவல்ல எண்டு. மத்தவங்களுக்கு வாரதும் நிண்டிரும்.”

“பொல்லாதவளா இருப்பா போலருக்கே” என்றாள் அம்மா.

“மாட்டுக்கு மனுசக் கதையப் பூட்டப்படாதும்மா. அவ வளர்றா. அவ்வளவுதான்.”

நான் இன்றைக்கும் வகுப்புக்குப் பிஸ்கட் டின் கொண்டுபோகிறேன். வளர்ச்சிக் காரணி, அதைக் கட்டிப்பிடிக்கும் புரதம், அந்தக் கட்டை வெட்டும் நொதியம், வெட்டுப்பட்டு விடுதலையான காரணியால் மூளையிலிருந்து வரும் ஓமோனுக்கு அந்த ஒரு முட்டைப்பை மட்டும் கூடுதலாக அசைந்து கொடுப்பது எல்லாவற்றையும் படம் போட்டு விளக்குவேன். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். கரண்டியை எடுத்ததும் நிமிர்ந்து உட்கார்வார்கள்.

முதல் வருடம் நாம் வேலை செய்தது உயிரில்லாத சூலகங்களில். மாடு அறுக்கும் மடுவத்துக்கு விடியற்காலையில் இந்த ஃப்ளாஸ்க்கில் இளஞ்சூட்டு உப்புத் தண்ணீர் நிரப்பிக்கொண்டு போவோம். வாசல்வரைதான் நான். எங்கள் வீட்டில் பசுவுக்குப் பொட்டு வைத்துப் பொங்கல் வைப்பவர்கள் என்று உனக்குத் தெரியும். முதல் நாளே என் கையிலிருந்து ஃப்ளாஸ்க்கை வாங்கினாய்.

“நீ இஞ்ச நில்லு. நான் எடுத்துட்டு வாரேன்.”

“நானும் பழகிக்கணும்ல?”

“எல்லாத்தயும் எல்லாரும் பழகத் தேவல்ல. நீ நேரத்தக் குறி.”

அந்த வருடம் முழுவதும் நீ உள்ளே போனாய், நான் வெளியே நின்று நேரம் குறித்தேன். ஒரு நாள்கூட அதை நீ சொல்லிக்காட்டியதில்லை. நான் அதற்காக ஒரு நன்றியும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், வைத்துக்கொள்.

அந்தச் சூலகங்களில் பெரிதாக இருந்த முட்டைப்பையைத் தேர்வானது என்று எடுத்து, அதன் நீரில் கட்டவிழ்ந்த வளர்ச்சிக் காரணி எவ்வளவு என்று அளந்தோம். பெரியதில் நிறைய இருக்க வேண்டும், சிறியதில் குறைவாக. பலவற்றில் அப்படித்தான் இருந்தது. சிலவற்றில் தலைகீழ். பெரியது, ஆனால் உள்ளே எல்லாம் மூடிய டின்கள். நான் அந்த எண்களைச் சிவப்புப் பேனையால் அடிக்கப் போனேன். ஏதோ அளவுப் பிழை, விட்டுவிட்டால் வரைபடம் அழகாக வரும் என்று நினைத்தேன். நீ என் பேனையைப் பறித்தாய்.

“அடிச்சிராத. அது பாவம்.”

“எண்ணுக்கென்னடி பாவம்?”

“அது வந்து ஒண்டு செல்லுது. ஒனக்கு வெளங்கல்ல எண்டு அதப் போய் அடிக்கிறியா?”

இரண்டு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசாமல் அந்த எண்களோடு மல்லுக்கட்டினாய். கடைசியில் கண்டுபிடித்தாய். அவை முன்பு தேர்வாகி, காலம் முடிந்து, இப்போது அழிந்துகொண்டிருக்கும் முட்டைப்பைகள். உருவம் பெரிதாகவே இருக்கும், உள்ளே உயிர் போய்க்கொண்டிருக்கும். அறுத்த மாட்டில் பார்த்தால் எது வளர்கிறது எது அழிகிறது என்று தெரியாது. உயிருள்ள மாட்டில் நாள்தோறும் பார்த்தால்தான் தெரியும். அதாவது இன்னும் ஒரு வருடம். நான் அழாத குறை. நீயோ புதுப் பாடசாலைக்குப் போகிற பிள்ளை மாதிரிச் சந்தோஷமாக இருந்தாய்.

அப்படித்தான் கம்பளைப் பாதையோரத்துப் பண்ணைக்குப் போனோம். மகாவலிக்கும் மலைக்கும் நடுவில் ஒடுங்கிய இடம். மாட்டை நிறுத்தும் இரும்புச் சட்டம் ஒரே இடத்தில் நிலத்தில் புதைத்திருந்தது. எந்த மாடு வந்தாலும் ஒரே திசை பார்த்துத்தான் நிற்கும். பின்னால் நீ நிற்பாய், தோள்வரை கையுறை போட்டு, ஸ்கேன் கருவியை உள்ளே பிடித்துக்கொண்டு. முன்னால் தலைமாட்டில் நான், ஒரு கையால் புண்ணாக்கு ஊட்டிக்கொண்டு, மறு கையால் தாளில் வரைந்துகொண்டு. கையை மாட்டுக்குள் விட்டுக்கொண்டு, கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு நிற்கிறவருக்கு இடது எது வலது எது என்று குழம்பிவிடும் என்று நீதான் ஒரு முறை வைத்தாய். இடது, வலது என்று சொல்லவே கூடாது. ஆற்றுப் பக்கம், மலைப் பக்கம். “ஆத்துப் பக்கம் ஏழு மில்லிமீட்டர்! மலைப் பக்கம் ஆறரை!” என்று நீ கத்துவதைக் கேட்டுப் பண்ணை ஆட்களும் அப்படியே பழகிவிட்டார்கள்.

தாளில் இரண்டு வட்டம்தான். இரண்டு சூலகம், உள்ளே அளவு எண்கள். எழுத்து ஒன்றும் கிடையாது. முதல் வாரமே நான் குழப்பிவிட்டேன். நான் மாட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பவள். ஆறு எனக்கு வலக்கைப் பக்கம். பின்னால் நிற்கும் உனக்கு இடக்கைப் பக்கம். நான் எனக்குத் தெரிந்தபடி வரைந்துவிட்டேன். நீ அத்தனை தாளையும் திருப்பி வரைய வைத்தாய். அதோடு ஒரு சட்டமும் போட்டாய்.

“இஞ்ச பாரு டீச்சர். இனி நீ வட்டம் போட முந்தி கீழ ஒரு வால் போடு. வால் போட்டா, நீ வால் பக்கம் நிண்டு பாக்கிற எண்டு அர்த்தம். ஆறு எப்பவும் எடது வட்டம்.”

என் எழுத்து அச்சுப்போல இருப்பதால் எனக்கு டீச்சர் என்று பெயர் வைத்திருந்தாய். உன் எழுத்து கோழி கிண்டியது. அதனால்தான் தாள்களை எல்லாம் கணினியில் ஏற்றும் வேலையும் என் தலையில் விழுந்தது. பருவம் முடிந்ததும் மாடு மாடாக, நாள் நாளாக, ஆற்றுப் பக்கம் ஒரு நிரல், மலைப் பக்கம் ஒரு நிரலாக நான் தட்டினேன். நீ அந்த அட்டவணையை எடுத்துக் கணக்குப் பார்த்தாய். தாளுக்குத் திரும்பிப் போக உனக்கு ஒருபோதும் தோன்றவில்லை. நான் தட்டினால் சரியாகத்தான் இருக்கும் என்று அவ்வளவு நம்பிக்கை.

ஏழாம் நம்பரிடம் வருகிறேன்.

அது ஒரு முரட்டு மாடு. நாலாம் நாள்வரை ஒன்றும் புதிதில்லை. ஆற்றுப் பக்கத்தில் ஒரு முட்டைப்பை முன்னால், மலைப் பக்கத்தில் ஒன்று ஒட்டிக்கொண்டு பின்னால். இரண்டும் எட்டு மில்லிமீட்டரை நெருங்கிக்கொண்டிருந்தன. அடுத்த நாள்தான் ஒன்று வளர, மற்றது நின்று, இரண்டும் பிரிய வேண்டும். நாலாம் நாள் வேலை முடிகிற நேரத்தில் மாடு திமிறி, உன் கையைச் சட்டத்துக் கம்பியோடு வைத்து அழுத்திவிட்டது. நீ போட்ட சத்தத்தில் ஆற்றங்கரைக் கொக்கெல்லாம் எழும்பியது. தோள் விலகவில்லை, ஆனால் வீங்கிவிட்டது. மறுநாள் வலக்கையைத் தூளி கட்டிக்கொண்டு வந்து நின்றாய்.

“வீட்டுக்குப் போடி” என்றேன்.

“இண்டைக்குத்தான் பிரியும். நான் போனா யாரு எழுதுற? நீ கைய விடு, நான் தலப்பக்கம் ஈக்கேன்.”

ஐந்தாம் நாளிலிருந்து எட்டாம் நாள்வரை இடம் மாறினோம். நான் பின்னால். நீ தலைமாட்டில், முழங்காலில் தாளை வைத்து, இடக்கையால் கிறுக்கிக்கொண்டு. எட்டாம் நாள் ஊசியால் முட்டைப்பை நீரை எடுத்து, குழாய்களில் பெரியது, சிறியது என்று மட்டும் எழுதி வைத்தோம்.

ஒரு மாதம் கழித்து நான் தட்டிய அட்டவணையிலிருந்து நீ கண்டெடுத்ததுதான் உன் பொக்கிஷம். ஏழாம் நம்பரில் நாலாம் நாள்வரை முன்னால் இருந்த ஆற்றுப் பக்கத்தது நின்றுவிட்டது. பின்னால் வந்த மலைப் பக்கத்தது ஒரே நாளில் தாவி முன்னேறிவிட்டது. அதன் நீரில் கட்டவிழ்ந்த வளர்ச்சிக் காரணி நிரம்பி வழிந்தது. உருவத்தில் பின்தங்கியது, மூடியைத் திறக்கும் கரண்டியில் முந்திவிட்டது என்று எழுதினாய். அறை முழுக்கச் சுற்றிச் சுற்றி நடந்தாய்.

“பாத்தியா டீச்சர்? ரெண்டாவதா வந்ததும் எழும்பும்!”

மாட்டுக்கு மனுசக் கதையைப் பூட்டப்படாது என்று சொன்ன வாய்தான் அது. ஆனால் அன்று நான் உன்னைக் கிண்டல் செய்யவில்லை. உயர்தரப் பரீட்சையை மூன்றாம் தடவை எழுதித்தான் நீ பல்கலைக்கழகத்துக்குள் வந்தாய். அந்த மூன்று வருடமும் அக்குறணையில் யார் யார் என்னென்ன கேட்டார்கள் என்பதை ஒரு தடவை பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது சொல்லியிருந்தாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அந்த ஏழாம் நம்பர் உனக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்று எனக்குத் தெரியும். கருத்தரங்கில் அதை விளக்கும்போது உன் குரலே வேறாக இருந்தது. நான் முன்வரிசையில் இருந்து உன்னைவிடப் பெருமைப்பட்டேன்.

போன வருட மழையில் நீ போய்விட்டாய். நோய் இரண்டே மாதத்தில் வேலையை முடித்துவிட்டது. உன் வீட்டுப் பெண்கள் யாசீன் ஓதிக்கொண்டிருந்த அறையில் எனக்கும் ஒரு இடம் ஒதுக்கி, உன் உம்மாவின் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். உம்மா என் கையை விடவே இல்லை. அதைப் பற்றி இப்போது வேண்டாம்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு மின்னஞ்சல் வந்தது. எங்கோ வெளிநாட்டில் இதே வேலை செய்கிற ஒரு பெண். மிக மரியாதையாக எழுதியிருந்தாள். ஏழாம் நம்பர் மாட்டின் கதையைத் தன் கட்டுரையில் சேர்க்க விரும்புகிறாளாம். ஆனால் ஒரு நாளில் இவ்வளவு தாவுவது தனக்குப் புரியவில்லையாம். ஐந்தாம் நாளிலிருந்து பக்கம் மாறியிருக்குமோ? அன்றாடத் தாள்கள் இருந்தால் பார்க்கலாமா?

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நாம் சாணத்தில் குளித்து எடுத்த எண்களை எங்கேயோ கதிரையில் இருந்துகொண்டு ஒருத்தி சந்தேகப்படுகிறாளா என்று கொதித்தேன். காட்டுகிறேன் பார் என்றுதான் அலுமாரியைத் திறந்தேன். ஃப்ளாஸ்க் கிடைத்தது. அதன் அடியில் கோப்பு கிடைத்தது.

எட்டுத் தாளையும் மேசையில் பரப்பினேன். முதல் நான்கும் என் கை. அடுத்த நான்கும் உன் இடக்கைக் கிறுக்கல். உன் நான்கு தாளிலும் வட்டங்களை இடம் மாற்றிப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக உட்கார்ந்தது. தாவலும் இல்லை, வியப்பும் இல்லை. ஆற்றுப் பக்கத்தது முதலிலிருந்தே முன்னால், கடைசிவரை முன்னால். மலைப் பக்கத்தது எல்லா மாட்டிலும் போலப் பின்னால் வந்து நின்றுவிட்டது. ரெண்டாவது எழும்பவே இல்லை.

நான் கதிரையில் சாய்ந்துவிட்டேன். நீ தலைமாட்டில் உட்கார்ந்து, உனக்குத் தெரிந்தபடி வரைந்துவிட்டாய். நீயே போட்ட சட்டத்தை நீயே மறந்துவிட்டாய். பாவம், கை வலி. அப்படித்தான் நினைத்தேன். அப்படியே அந்தப் பெண்ணுக்கு ஒரு பதிலும் எழுதினேன். ‘உங்கள் சந்தேகம் சரி. பதிவு செய்தவரின் பிழை. அவர் அந்த வாரம் காயப்பட்டிருந்தார். இப்போது நம்மிடையே இல்லை.’ எழுதிவிட்டு வாசித்துப் பார்த்தேன். எவ்வளவு பெருந்தன்மையான கடிதம் என்று எனக்கே பட்டது. செத்துப்போனவளை மன்னிக்கிற சுகம் எப்படிப்பட்டது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதை எழுதிய கையை நீ பார்த்திருந்தால் பேனையை மட்டும் பறித்திருக்க மாட்டாய்.

கடிதத்தோடு தாள்களைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். ஜன்னலோரம் வெளிச்சத்தில் ஐந்தாம் நாள் தாளை விரித்தேன். காற்றில் சுருண்டது. கீழ் மூலையில் உன் ஃப்ளாஸ்க்கைத் தூக்கி வைத்தேன். அப்போதுதான் தாளின் கீழ்ப்பக்கம் நேராக விரிந்தது.

வாலைக் காணவில்லை. வால் இருக்க வேண்டிய இடத்தில், இரண்டு வட்டத்துக்கும் கீழே, வளைந்த இரண்டு கோடுகள். அந்தக் காலத்தில் தாள் ஓரமெல்லாம் நீ பூவும் மீசையும் கீறி வைப்பாய். இதையும் அப்படி ஒரு விளையாட்டு என்று தாண்டிப் போயிருக்கிறேன். ஆறாம் நாள் தாளை எடுத்தேன். அதே இரண்டு கோடு. ஏழாம் நாளும் அதே. எட்டாம் நாள் உனக்கு வலி குறைந்திருக்க வேண்டும். கோடுகளுக்குக் கீழே இரண்டு காதும் போட்டிருந்தாய்.

கொம்பு.

வால் போட்டால் வால் பக்கம் நின்று பார்ப்பது. கொம்பு போட்டால் தலைப்பக்கம் நின்று பார்ப்பது. நீ சட்டத்தை மறக்கவில்லை. வலியோடு, பழக்கமில்லாத கையால், ஒவ்வொரு எண்ணையும் மனதுக்குள் திருப்பிப் போட்டு வரைய நீ உன்னை நம்பவில்லை. அதனால் கண்ணுக்கு முன்னால் ஆறு எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கமே போட்டாய். எங்கே உட்கார்ந்து போட்டாய் என்று நான்கு தாளிலும் அடையாளமும் வைத்தாய். அதைவிட நேர்மையாக ஒருத்தி எழுத முடியாது. அதைப் பார்க்காமல், இடது வட்டம் என்றால் ஆறு என்று கண்ணை மூடிக்கொண்டு தட்டியவள் நான். அச்சுப்போல எழுதும் டீச்சர். நீ அத்தனை வருடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த கதை, என் கவனக்குறைவு.

அன்று நான் ஆய்வுக்கூடக் கதவைச் சாத்திவிட்டு அழுதேன். பெரிய மனுஷி, பிள்ளைகள் ‘மேடம்’ என்று எழுந்து நிற்கிறவள், ஜன்னலோரம் நின்று மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். உனக்கு நான் செய்தது இரண்டு குற்றம். முதலாவது, தெரியாமல் செய்தது. இரண்டாவது, அந்தக் கடிதம். அது ஒரு விரல் தட்டினால் போயிருக்கும்.

திருத்தம் எழுதுவதென்று முடிவு செய்தேன். நாம் சேர்ந்து எழுதிய கட்டுரை. ஏழாம் நம்பர் பற்றிய பகுதியைத் திரும்பப் பெற வேண்டும். என் பெயர் கெடும் என்பது இருக்கட்டும். உன் சந்தோஷத்தையும் அல்லவா சேர்த்து எடுக்கப்போகிறேன்? யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டும்போல் இருந்தது. அக்குறணைக்குப் போனேன். அண்ணன் முறையில் நான் ‘நானா’ என்று கூப்பிடும் உன் கணவர் மாத்தளைப் பாதைக் கடையில் துணி அளந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கடைப் பையனிடம் முழக்கோலைக் கொடுத்துவிட்டு உள்ளே கூட்டிப் போனார். எல்லாவற்றையும் சொன்னேன். தாள்களைக் காட்டினேன். அவர் அந்தக் கொம்புகளை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

“இத எழுதினா அவட பேரு கெட்டுப் போகுமா?”

“இல்ல நானா. கெட்டா என்னோட பேருதான்.”

“அந்த ஏழாம் நம்பரப் பத்தி அவ செல்லாத நாளில்ல. ஏன்ட தங்கச்சி மகள் பரீட்சையில தவறின நேரமும் அந்த மாட்டுக் கதயத்தான் செல்லி எழுப்பி விட்டவ.” தாள்களை அடுக்கி என்னிடம் நீட்டினார். “ஆனா பொய்யெண்டு தெரிஞ்ச பொறகு அவ ஒரு நிமிசம் வெச்சிக்கிட்டு ஈக்க மாட்டா. ஒங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“அப்ப எழுதுங்க. அந்தப் புள்ளைக்கிட்ட செல்லத் தேவல்ல. அது ரெண்டாந்தரம் பாஸாயிட்டு.” சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். கடைப் பையன் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தான். இஞ்சி போட்டிருந்தது.

வெளிநாட்டுப் பெண்ணுக்கு வேறு கடிதம் போனது. நான்கு தாளின் படமும், வால் என்றால் என்ன, கொம்பு என்றால் என்ன என்ற விளக்கமும். அவள் ஒரே வரியில் பதில் போட்டாள். அந்தப் பதிவைச் செய்தவரைச் சந்திக்கக் கிடைக்கவில்லையே என்று இருக்கிறதாம். எனக்கு அவள் மேல் இருந்த கோபமெல்லாம் பறந்துவிட்டது.

இப்போது பண்ணையில் வேலைக்கு வருகிறவர்கள் தாளுக்குப் பதிலாகக் கையடக்கத் திரையில் பதிகிறார்கள். இடது, வலது என்று அதிலேயே பொத்தான் இருக்கிறது. இருந்தாலும் முதல் நாள் நான் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, வட்டம் போடுவதற்கு முன்னால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று வரையுங்கள் என்கிறேன். மேடத்துக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவர்கள் பார்ப்பது தெரிகிறது. பார்க்கட்டும். ஃப்ளாஸ்க்கைக் கழுவி என் மேசையில் வைத்திருக்கிறேன். வாடை போகவில்லை. போக வேண்டும் என்று நானும் தேய்க்கவில்லை.

ஒன்று பாக்கி. திருத்தம் மொத்தமே ஐந்து வரி. ஏழாம் நம்பர் மாட்டில் பக்கம் மாறியது. இரண்டாவது முட்டைப்பை முந்தவில்லை. தாள்களை அட்டவணையாக்கும்போது நான் செய்த பிழை. மற்ற மாடுகளின் முடிவுகளில் மாற்றம் இல்லை. கடைசி வரி: ‘பதிவு செய்தவரிடம் பிழை இல்லை.’

நேற்று இதழிலிருந்து பதில் வந்தது. திருத்தத்தை ஏற்றுக்கொண்டார்களாம். ஆனால் கடைசி வரி முன்னால் சொன்னதிலேயே அடங்கிவிடுகிறது, வாசகருக்குத் தேவையில்லை, அடித்துவிடலாமா என்று கேட்டிருந்தார்கள்.

அடிக்க வேண்டாம் என்று எழுதிவிட்டேன்.